பால் படாத சொக்லேட் மா

தம்பிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது ஜெயபுரம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஏனென்றால் அதை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள் நான். யாராவது அவன் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்தால்கூட, பால் இருக்கிறதா நெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. கொஞ்சம் பட்டாலே போதும், உதடு வீங்கும், கழுத்தெல்லாம் தடித்துச் சிவக்கும். அவன் தவழ்கிற வயதில் ஒருமுறை மூச்சு இழுக்கத் தொடங்கி, அப்பா அவனையும் அம்மாவையும் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்த மிதி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவேயில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு அரசாங்க வேலை எதுவும் வாய்க்கவில்லை. பயப்படுவதற்கென்று ஒரு வேலை இருந்திருந்தால் இப்போது பென்சன் எடுத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பால்மா போட்ட தேநீர் கொடுப்பதுதான் மரியாதை. வெறும் தேநீரை நீட்டினால் வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். அதனால் போகிற இடமெல்லாம் தம்பிக்கு ஒன்றும் கிடைக்காது, அல்லது கடைசியில் யோசித்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பார்கள். அவன் அதை வாங்கி மற்றவர்களுடைய கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே குடிப்பான்.

அவன் முதலாம் வகுப்புக்குப் போன வருடம், சிறுவர் தினத்துக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் சொக்லேட் பால் கொடுப்பதாகப் பள்ளிக்கூடத்தில் முடிவானது. நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. தம்பி வீட்டுக்கு வந்து அந்தச் சொக்லேட் பாலைப் பற்றிக் கதைத்த கதையைக் கேட்டால், அதை அவன்தான் கண்டுபிடித்தான் என்று நினைக்க வேண்டும். தனக்கு அது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கதைத்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய வகுப்பு ரீச்சர் நல்லவர். அவனைக் கூட்டிவரப் போன அம்மாவைக் கூப்பிட்டு அவராகவே சொன்னார்.

“அவருக்கு மட்டும் புறிம்பா ஒரு கப்பில தேசிக்காய்த் தண்ணி கரைச்சு வைக்கிறன் அம்மா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ.”

பக்கத்தில் நின்ற எனக்கு ரீச்சரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. என்னைப் போலவே யோசிக்கிற ஒருவர்! ஆனால் அம்மாவின் முகம் ஏனோ இறுகிப்போனது. எல்லாருக்கும் கொடுப்பதையே அவனும் குடிக்கக்கூடிய மாதிரிச் செய்தால் என்ன என்று கேட்டார். ரீச்சர் சிரித்தார். அது எப்படி முடியும், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு பெரிய கேத்தில்தானே இருக்கிறது என்றார்.

“சுடுதண்ணி இருந்தால் காணும் ரீச்சர். மா நான் கொண்டுவாறன்.”

அம்மாவுக்கு அப்போது பாலில்லாத ஒரு சொக்லேட் மாவைச் செய்யவே தெரியாது. வீடு வரும்வரை நான் அதையேதான் சொல்லிக்கொண்டு நடந்தேன். அடுத்தவர் பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால்? யாரும் குடிக்காமல் கவிழ்த்து ஊற்றினால்? தம்பிக்கே தடித்தால்? அப்பா வயலால் வந்து கேள்விப்பட்டு, “உனக்கென்ன விசரே? பிள்ளைக்குத் தேசிக்காய்த் தண்ணி போதாதோ?” என்றார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

சின்ன மாமா, அம்மாவின் தம்பி, அப்போது லொறியில் போய்க்கொண்டிருந்தார். இங்கிருந்து வத்தகப்பழம் ஏற்றிக்கொண்டு மாத்தளைப் பக்கம் போகிற லொறி. அந்தப் பக்கம் கொக்கோ மரம் இருப்பதாக அம்மா எங்கேயோ கேள்விப்பட்டு வைத்திருந்தார். சொல்லிவிட்டதும் மாமா அடுத்த நடையில் ஒரு பொட்டலம் கொக்கோத் தூளோடு வந்து இறங்கினார். “சொக்லேட்டே கொண்டுவந்திட்டன் அக்கா” என்று முற்றத்திலேயே பெருமையடித்து, எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி நிலத்தில் விழுந்து சிரித்தான்.

“இது கசாயம் அக்கா. இதைக் குடுத்தால் பிள்ளையள் பள்ளிக்கூடத்தையே விட்டிடுங்கள்.”

“உன்னை ஆர் வெறுமையாத் தின்னச் சொன்னது?” என்று அம்மா பொட்டலத்தைப் பறித்துக்கொண்டார்.

முதல் மா சுலபமாகத்தான் முடிந்தது. கடையில் தேங்காய்ப்பால் மா என்று பொட்டலத்தில் விற்பார்கள், கறிக்குப் போடுவது. அதையும் கொக்கோவையும் சீனியையும் சேர்த்து அம்மா அரிதட்டில் அரித்து, சுடுதண்ணீரில் கரைத்தார். வாசம் முற்றத்து வேலிவரை போனது. தம்பி தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றான். நான் குறுக்கே போய் நின்றேன். முதலில் விரல் நுனியால் தொட்டு அவனுடைய உதட்டில் தடவுங்கள், பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றேன். தேங்காயில் என்ன இருக்கப்போகிறது என்று மாமா என்னைப் பகிடி பண்ணினார். ஊரில் காற்றடித்தாலும் அதில் பால் இருக்கிறதா என்று கேட்கிற ஆள் இவள் என்றார். நான் அழுதுவிடுவேன் என்று கண்டதால்தான் அம்மா சம்மதித்தார்.

தடவிக் கொஞ்ச நேரத்தில் தம்பியின் கீழுதடு புடைத்தது. வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தது. ஆஸ்பத்திரியில் தந்த பாணி மருந்தைக் கொடுத்ததும் இறங்கிவிட்டது. ஆனால் அந்த முழுக் கோப்பையும் அவனுடைய வயிற்றுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அம்மா கோப்பையைக் கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினார். மாமா அதற்குப் பிறகு என்னைப் பகிடி பண்ணவேயில்லை.

“தேங்காய்க்குள்ள மாட்டைக் கொண்டுபோய் ஆர் கட்டினது?” என்று அம்மா அடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

நான் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்கார நானா இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சிலதில பாலில இருந்து எடுக்கிற ஒரு சாமான் சேக்கிறவங்க மகள், தண்ணியில கட்டிபடாமக் கரையட்டும் எண்டு. கறிக்குத்தானே, ஆர் பாக்கிறது?” என்றார். அடுத்த தரம் தம்பிக்கு என்று சொல்லியே வாங்கு, நான் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இனி அம்மா விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அம்மா குசினி வாசலில் அப்படியே இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா எழுந்து வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போய்த் தேங்காய் உரிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது மாவில் கடைப் பொட்டலம் எதுவும் இல்லை. முற்றிய தேங்காயைத் துருவி, சிவக்கவிடாமல் மெல்லிய நெருப்பில் ஈரம் போகும்வரை அம்மா கிளறினார். பொறுமை இல்லாதவர்கள் அந்த வேலைக்கு ஆகாது; நெருப்புக் கொஞ்சம் கூடினாலும் தேங்காய் எண்ணெய் கக்கிவிடும். பனங்கட்டியை உடைத்து வெயிலில் காயவைத்தோம். வறுத்த சிவப்பரிசி மா எந்த வீட்டிலும் இருப்பதுதான். எல்லாவற்றையும் சேர்த்து உரலில் இடித்தால், தேங்காயின் எண்ணெயை அரிசிமா உறிஞ்சிக்கொண்டது. பிறகு கொக்கோ. கடைசியாக ஒரு சிட்டிகை ஆனையிறவு உப்பு, அது மாமாவின் யோசனை. கசப்பை உப்பு அடக்கும் என்று லொறிச் சாரதி சொன்னாராம். அரிப்பது என் வேலை. அரிதட்டை அதற்கு முன் எத்தனை முறை கொதிதண்ணீரில் கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

அந்த மாவில் விரலைத் தொட்டுத் தம்பியின் உதட்டில் தடவிவிட்டு நாலு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் உதட்டை நக்கிவிட்டு, “இன்னும் தடவுங்கோ” என்றான். ஒன்றும் தடிக்கவில்லை. பிறகு ஒரு கரண்டி, பிறகு ஒரு வாய், பிறகு அரைக் கோப்பை என்று நான்தான் அனுமதி கொடுத்தேன். அந்த வீட்டில் என் சொல்லுக்கு எல்லாரும் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் கடைசியில் அம்மாவே ஒரு பிழை விடப் பார்த்தார். எங்கள் வீடுகளில் மிளகாய்த்தூளானாலும் கோப்பித்தூளானாலும் போய்ச் சேருகிற இடம் வெறுமையான பால்மாத் தகரப் பேணிதானே. கை பழகிய பழக்கத்தில் மாவை அதற்குள் கொட்டப் போனார். நான் கத்திய கத்தில் கோழிகள் கலைந்தன. பேணியின் விளிம்பு மடிப்புக்குள் நகத்தை விட்டுச் சுரண்டிக் காட்டினேன். கட்டிபட்ட பால்மா வெள்ளையாக உதிர்ந்தது. அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நல்லவேளை பிள்ளை” என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு பரிசளிப்பு விழாவிலும் பரிசு கிடைத்ததில்லை. அந்த “நல்லவேளை பிள்ளை” இன்னும் என்னிடம் இருக்கிறது. மாவைப் புதுச் சருவச்சட்டியில் போட்டு வெள்ளைத் துணியால் கட்டினோம்.

சிறுவர் தினத்தன்று அம்மா தன் நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். வீடு வீடாகச் சேர்த்த கோப்பைகள் கொதிதண்ணீரில் கழுவி ஒரு பெரிய தாச்சிச் சட்டியில் கிடந்தன, பூப்போட்டது, கைப்பிடி உடைந்தது, எவர்சில்வர், பிளாஸ்ரிக் என்று எல்லாம் கலந்து. ரீச்சர் தான் சொன்னபடியே, மேசையின் ஓரத்தில் ஒரு நீலக் கப்பில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து மூடி வைத்திருந்தார். உங்கள் மா சரிவராவிட்டால் பிள்ளை ஏமாறக்கூடாது என்றுதான் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அம்மா அந்த நீலக் கப்பைக் கையில் எடுத்தார்.

“இதை நான் குடிக்கிறன் ரீச்சர். வெயிலுக்கு நல்லது” என்று சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு கப்பைத் தண்ணீரில் அலசி, தாச்சிக்குள் மற்றக் கோப்பைகளுக்கு நடுவே போட்டு, கையால் எல்லாவற்றையும் ஒருமுறை கலக்கிவிட்டார். அதன் பிறகுதான் கொதிதண்ணீரை ஊற்றி மாவைக் கரைத்து வடித்தார்.

பிள்ளைகள் வரிசையில் வந்து கைக்கு அகப்பட்ட கோப்பையை எடுத்தார்கள். நீலக் கப் யாரோ ஒரு பெண்பிள்ளையின் கையில் போனது. தம்பிக்குப் பூப்போட்ட கோப்பை. நான் அவனுடைய கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஊதி ஊதிக் குடித்தார்கள், அவனும் ஊதி ஊதிக் குடித்தான். எல்லாருக்கும் மேலுதட்டில் ஒரே மண்ணிற மீசை. யாரோ ஒரு பொடியன் இன்னும் இருக்கிறதா என்று கேட்க, “எங்கட அம்மா செய்தது. கேட்டால் தருவா” என்று தம்பி சொன்னான். அவனுடைய குரலில் அப்படி ஒரு தோரணையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சட்டி வழித்துத் துடைத்த மாதிரிக் காலியானது. ரீச்சரே இரண்டாவது தரம் வாங்கிக் குடித்துவிட்டுச் செய்முறை கேட்டார்.

தம்பி இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். ஊருக்கு வந்து திரும்பும்போது மா கொண்டுபோவான். நான்தான் இடிக்கிறேன். அறையில் கூட இருக்கும் பொடியன்கள் பால் குடிக்கிறவர்கள்தானாம், ஆனால் இந்த மாவைத்தான் முதலில் முடிக்கிறார்களாம்.

போன முறை நான் இடிக்கும்போது சின்ன மாமா பக்கத்தில் இருந்து அரித்துத் தந்தார். பேச்சுவாக்கில் அந்தச் சிறுவர் தினம் வந்தது. மாமா அரிதட்டை நிறுத்தாமலே, அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது தங்கள் அப்பாவோடு சந்திக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போகிறதைச் சொன்னார். கடைக்குள்ளே இருந்தவர்களுக்குக் கிளாஸ். எங்கள் ஆட்களுக்கு வெளியே ஆணியில் தொங்கிய பேணி. குடித்துவிட்டுத் தாங்களே கழுவித் திரும்பக் கொழுவிவிட்டு வர வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

“தேத்தண்ணி எல்லாருக்கும் ஒரே தேத்தண்ணிதான் பிள்ளை” என்றார் மாமா. “பேணிதான் புறிம்பு.”

ரீச்சருக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி நடக்கும்போது, வெறும் சருவச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தலையை நிமிர்த்தி நடந்தார். நான் பின்னால் வந்துகொண்டு, தம்பிக்கென்று ரீச்சர் வைத்ததை இப்படி எடுத்துக் குடித்தீர்களே, அவ்வளவு தாகமா என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை” என்றார் அம்மா. “நல்ல தாகம்.”

வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.