புதுசைக் கேட்டுப் பழசைப் புகழ்ந்தவன்

ஓடாத ஸ்பீக்கரின் ஓசையில் மயங்கிக் கண்கலங்கியவன் நான். இப்படியும் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறேன், திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், நல்ல ஆரோக்கியத்தோடு.

பாண்டிச்சேரிக் கடையில் என் கையிலிருந்த பணத்துக்குப் புது ஸ்பீக்கர் கேட்டேன். கடைக்காரர் காட்டிய ஜோடி டிபன் கேரியர் உயரம் இருந்தது. அதே பணத்துக்குச் சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், என் மார்பு உயரத்துக்கு நிற்கும் பழைய வெளிநாட்டு ஜோடியை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். மகளின் ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறாராம், அங்கே இடமில்லையாம். போனில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மைக் செட்டுக்காரங்களுக்குத் தர மாட்டேன். கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான். மொதல்ல வந்து கேளுங்க. உங்களுக்குத் தரலாமான்னு அப்புறம் சொல்றேன்."

பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு இப்படி ஒரு பரீட்சை இருந்ததில்லை.

மனைவியின் தம்பி காடாம்புலியூர் பக்கம் பலாப்பழம் ஏற்றும் குட்டியானை வைத்திருக்கிறான். அந்த மினி லாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். வழியெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்தேன். பழைய ஸ்பீக்கர் என்றால் கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாள்பட்டால் அது ரஸ்க் போல உதிர்ந்துவிடும்.

"புதுசுக்கு வாரண்டி உண்டு மச்சான். ஆனா பழசுக்குத்தான் கனிவு."

"பலாப்பழம் மாதிரியா மாமா?"

"அதே."

"அப்ப தட்டிப் பாத்து வாங்குங்க. மோந்தும் பாருங்க."

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கூடம் முழுக்கக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள். சன்னல் முன்னால் ஸ்பீக்கர் இரண்டும் துவாரபாலகர்கள் மாதிரி நின்றன. விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. பேராசிரியர் எங்களை உட்காரவைத்து, வீணை இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்.

நான் உடனே கண்ணை மூடிக்கொண்டேன். கேட்கத் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். கண்ணை மூடியதுமே வாயைத் திறந்தேன்.

"சார், இந்தக் கனிவு வயசானாத்தான் சார் வரும். இப்ப புதுசா விக்கிறானே சின்னச் சின்ன டப்பா, அதுக்கெல்லாம் ஜென்மத்துக்கும் வராது. மச்சான், அடிநாதத்தக் கேளுடா. மரம் பேசுது."

பொய்யில்லை, கண் நிஜமாகவே கலங்கியது.

பாட்டு முடிந்தது. பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இப்பப் பாடினது இது இல்லீங்க."

பெரிய பெட்டிகளுக்குப் பின்னால், சன்னல் விளிம்பில், தேங்காய் அளவில் இரண்டு கறுப்பு டப்பாக்களைக் காட்டினார்.

"பொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வாங்கினது. போன வாரம்தான் வந்துச்சு. ஒரே ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு ஜோடியும் மாட்டியிருக்கேன், பட்டன மாத்த மறந்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். நீங்க கண்கலங்கிட்டீங்களா, நடுவுல நிறுத்த மனசு வரல."

மச்சான் வாசல் வரை போய்ச் சிரித்துவிட்டு, அங்கிருந்தே கேட்டான். "மாமா, பேசுன மரம் பிளாஸ்டிக்கா?"

ஸ்பீக்கர் கைவிட்டுப் போனது எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தேன். "வரேன் சார். மைக் செட்டுக்காரருக்கே குடுத்துடுங்க. அவரு என்னவிடத் தேவல."

"உக்காருங்க" என்றார். பட்டனைத் தட்டி, அதே தட்டை முதலிலிருந்து போட்டார்.

இந்த முறை கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டேன், பாடுவது எது என்று உறுதி செய்ய. முதல் மீட்டலிலேயே விரல் நகம் தந்தியில் பட்டுப் பிரிவது கேட்டது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால், ஒரு அம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சொல்ல நிறைய வந்தது. முன்பு சொன்ன வார்த்தைகளை எல்லாம் டப்பாவுக்குச் செலவழித்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். வாசலில் நின்ற மச்சான் சத்தம் காட்டாமல் வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் போன் அடித்தது, எடுக்காமல் அணைத்தான்.

தட்டு ஓடி முடிந்தது. பேராசிரியர் எங்களைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்தபடி, "வெயில் படாம வைங்க. சாமி அலமாரி பக்கத்துல வேணாம், எண்ணெப் பிசுக்கு ஏறும்" என்றார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அந்த வழக்கம் இல்லை.

"அப்ப எனக்குக் கேக்கத் தெரியும்னு ஒத்துக்கிறீங்களா சார்?"

"அடியில புடிச்சுத் தூக்குங்க."