கல்லூரிக்கு என் மகனின் அப்பா யார்?

இன்று காலை காரைக்காலில் தரங்கம்பாடி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என் மைத்துனர்.

தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போடாதவர். அன்றிலிருந்து பேச்சில்லை. எழுந்து போகலாமென்றால் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம்.

"அத்தான், நம்ம பிரகாஷுக்கு ஹால்டிக்கெட் குடுத்துட்டாங்க. இனிமே கவலைப்படாதீங்க" என்றார்.

கவலைப்பட வேண்டிய விஷயமே எனக்குத் தெரியாது.

கல்லூரியில் சேரும்போது அப்பாவின் எண் என்று என் மகன் பிரகாஷ் கொடுத்தது இவருடைய எண்ணை. வருகை குறைவு என்ற செய்தியெல்லாம் இவருக்கே போயிருக்கிறது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எழுதாவிட்டால் மறுபடியும் முதல் வருடம்தான். அப்பா நேரில் வந்து உறுதி சொன்னால் ஒருமுறை விடுவார்களாம்.

"அப்பா யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு போயி நின்னுட்டேன். புள்ளைய வளக்குற லட்சணமான்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் என் போனை எடுக்க மாட்டீங்களே! இப்ப போயி நான்தான் அப்பான்னு நின்னீங்க, ஹால்டிக்கெட்டைப் புடுங்கிடுவாங்க. பேசாம இருங்க அத்தான்."

பூவம் நிறுத்தம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். என் டிக்கெட்டையும் அவரே எடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டமாம். நான் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.