ஈரமானியும் இரண்டு ஏக்கர் நிலமும்

எழுபதுகளின் தொடக்கம். ஒரு தை மாதச் சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு நானும் நண்பன் பாஸ்கரும் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் ஏறினோம். பாஸ்கரின் சட்டைப்பையில் நிலத்துக்கு முன்பணமாக ஐந்நூறு ரூபாய். என் மடியில் துண்டில் சுற்றிய தகரப்பெட்டி. அது நெல்லின் ஈரத்தை மின்சாரத்தால் அளந்து முள்ளில் காட்டும் கருவி. கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகு பாஸ்கர் வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து நாங்களே செய்தது. அதைத் தயாரித்து விற்க ஒரு கம்பெனி தொடங்குவதாக இருந்தோம்.

கும்மிடிப்பூண்டியைத் தேர்ந்தது பாஸ்கர். நிலம் மலிவு, கல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்தில், சுற்றிலும் அரிசி ஆலைகள். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

எண்ணூர் புகைபோக்கிகள் தாண்டியதும் பனி. மீஞ்சூரில் ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டியது. பொன்னேரி தாண்டினால் இரு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள். சுமார் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

நிலத்துக்குச் சொந்தக்காரி கோவிந்தம்மா. நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் தானே நின்று பயிர் வைப்பவர். வாய்க்கால் தண்ணீர் ஏறாத இரண்டு ஏக்கரை எங்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்து, அதைக் கேட்டு வந்த வேறொருவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். களத்தில் நெல் குவிந்து கிடந்தது.

"நெலம் அப்புறம் பேசிக்கலாம் சார். மொதல்ல அந்தப் பொட்டிய வச்சி என் நெல்லப் பாருங்க. நாளைக்கு வியாபாரி வர்றாரு. ஈரம் ஈரம்னு சொல்லிக்கினு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிடுவாரு."

பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன். கிண்ணத்தில் நெல் போடுவதற்கு முன்பே முள் கடைசிக் கோட்டுக்கு ஓடி நின்றது. மின்கலத்தை மாற்றினோம். இணைப்புகளை அசைத்தோம். வெறுங்கிண்ணம் குளத்தைவிட ஈரமானது என்று கருவி சாதித்தது.

"இன்னா சார், இன்னும் நெல்லே போடல?" என்றார் கோவிந்தம்மா.

சிரிக்காமல் கேட்டதுதான் அதிகம் சுட்டது. பாஸ்கர் முன்பணத்தை எடுக்கவே இல்லை. நாளைக் காலை கருவியோடு வருகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

கோளாறு என்னவென்று பார்க்கத் தேவையான சாதனங்கள் எங்களிடம் இல்லை. அவை பட்டணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. திரும்பும் ரயிலுக்கு வெகுநேரம் இருந்ததால் நெடுஞ்சாலையில் கைகாட்டி ஒரு செங்கல் லாரியில் ஏறினோம். ஓட்டுநர் தடா பக்கத்துக்காரர். எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இப்ப பொட்டி கெட்டா பட்டணத்துக்குத்தான் ஓடியாரணும். நாளைக்கு நூறு பொட்டி செஞ்சா எத்தினி வாட்டி ஓடியாருவ நைனா?"

மாதவரத்தில் இறக்கிவிட்டவர் காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு இரண்டு பஸ். கல்லூரி வாசலை மிதித்தபோது மணி நான்கரை.

ஆய்வுக்கூட உதவியாளர் எத்திராஜ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். படிக்கும் காலத்தில் நாங்கள் எரித்த மின்மாற்றிகளுக்கு அவரிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. பெட்டியைப் பார்த்ததும் சாவியைத் திருப்பினார்.

"இன்னாடா பேஜாரு?"

முள் இப்போது பாதியில் நின்றது. எத்திராஜ் கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் பேக்லைட் வில்லையின் மேல் மெல்ல மூச்சை ஊதினார். முள் விருட்டென்று கடைசிக்குப் போனது.

"நெல்லு ஈரமில்ல, உன் வில்லை ஈரம். பனியும் உப்புக்காத்தும் குடிச்சிருக்கு. மாடில பல்பு சூட்டுல வச்சிப் பாத்தா எப்பிடித் தெரியும்?"

கழித்துப்போட்ட சாமான்களின் இழுப்பறையிலிருந்து டெஃப்லான் துண்டு ஒன்றை எடுத்து, அந்த அளவுக்கு அறுத்துத் தந்தார். ஈரம் ஒட்டாத பொருள். மாற்றியபின் மறுபடி ஊதினார். முள் அசையவில்லை. மொத்தம் இருபது நிமிடம். அதற்காக நாங்கள் வந்து சேர எடுத்தது ஆறு மணி நேரம்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். "நெலம் வேணாம்டா," என்றான் பாஸ்கர், அவனே முதலில். "இந்தப் பின்தெருவுல ஒரு ரூம் போதும். ஆனா அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

ஞாயிறு காலை அதே வண்டி. களத்துக்குப் போனபோது வியாபாரி மாட்டுவண்டியோடு வந்துவிட்டிருந்தார். ஒரு நெல்லைக் கடித்துத் துப்பி, "ஈரம் இருக்குதும்மா," என்றார். நான் கிண்ணத்தை நிரப்பினேன். முள் பதின்மூன்று சதவீதத்தில் நின்றது. நன்றாகக் காய்ந்த நெல்.

"ரேடியோ பொட்டிய நம்பியா யாவாரம் பண்றது?" என்றார் வியாபாரி.

"உன் வண்டில இருக்கறதையும் போடு, பாக்கலாம்," என்றார் கோவிந்தம்மா.

வியாபாரி வேறு களத்தில் வாங்கி வண்டியில் வைத்திருந்த ஒரு மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தந்தார். பதினேழு காட்டியது. "இத வாங்கறப்பவே ஈரம்னு நானும் சொன்னேன்," என்றார் மெதுவாக. அன்றைக்குக் கோவிந்தம்மாவின் மூட்டைகளில் கழிவு இல்லை.

வண்டி போனபின் நிலம் வேண்டாம் என்பதை நான் சொன்னேன். வாக்குத் தவறியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் முகம் வாடியது உண்மை.

"நேத்தே தெரிஞ்சிது சார். பொட்டியத் தூக்கிக்கினு நீங்க ஓடின ஓட்டத்தப் பாத்தேன். மின்ன கேட்டவரு இன்னும் சுத்திக்கினுதான் இருக்காரு, அவருகிட்டப் பேசறேன்." பிறகு வீட்டுக்குள் போய் இலை போட்டார். வாளைமீன் குழம்பு, புது அரிசிச் சோறு. வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

மாலை வண்டி நகர்ந்ததும் பாஸ்கர் கேட்டான்: "இல்லன்னு சொல்ல வந்தவனுக்கு யாருடா சோறு போடுவாங்க?"

அந்த மாதமே கல்லூரியின் பின்தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று எடுத்தோம். மாலையில் மாணவர்கள் வந்து உட்காருவார்கள். எங்கள் பேராசிரியர் நடந்து போகிற வழியில் எட்டிப் பார்த்து ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார். சில வருடங்களில் அதே தெருவில் இன்னும் மூன்று சின்னக் கம்பெனிகள் முளைத்தன. எல்லாம் அங்கே படித்தவர்களுடையவை. ஆர்டர்கள் பெருகியபின் நகருக்கு வெளியே காக்களூரில் ஒரு கொட்டகை போட்டோம். பெட்டிகள் அங்கே உருவாகின்றன. புதிதாக யோசிப்பது மட்டும் இன்னும் அந்தச் சின்ன அறையில்தான்.

இடத்தைக் கணக்குப் போட்டா கண்டுபிடித்தீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. கணக்கு எங்களைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பியது. அங்கிருந்தவர்கள்தான் நல்ல மனதோடு எங்களைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.