மச்சானுக்கு ஒரு டில்லிக்காரர்

டென்மார்க்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று, "சம்பளமோ லீவோ, எதுவானாலும் டில்லிட்ஸ்மனைக் கேள்" என்றார்கள். எனக்கு ஒரே நிம்மதி. டில்லியிலிருந்து வந்த நம்மவர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே செம்பட்டைத் தாடியோடு யென்ஸ் என்ற வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாய் முந்திக்கொண்டு "நமஸ்தே" என்றுவிட்டேன். அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார் மனிதர். இன்றுவரை எனக்கு அங்கே அதுதான் பெயர். டில்லிட்ஸ்மன் என்றால், தொழிலாளர்கள் தங்களுக்காக முதலாளியிடம் பேசத் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் ஆள் என்று பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் செய்வது காற்றாலை இறக்கைகள். பத்து வருடத்துக்கு முன், எண்பதுகளில், நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தேன். கரண்ட் போனால் ஆலை முழுவதும் எஞ்சின் ரூமைத்தான் பார்க்கும். அங்கே டீசல் ஜெனரேட்டரை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர் காஜா மச்சான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எஞ்சின் ரூம் ஆட்களெல்லாம் கான்ட்ராக்ட். சங்கத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து மச்சான் பேசினார்.

"ஏலே மாப்ள, மில்லுக்கு காத்தாடி வாங்கிட்டாக. ஆரல்வாய்மொழியில நிக்கி, அந்தக் கரண்டு ஈ.பி. லைன்லயே மில்லுக்கு வந்துருது. காத்து அடிக்கிற மாசம் மில்லுக்கு கரண்ட் வெட்டு கெடையாது, எஞ்சினே ஓடாது. ஓடாத நாளைக்கு எனக்குச் சம்பளமும் கெடையாது."

"நல்ல விஷயம்தான மச்சான், பொகை இல்லேல்ல?"

"பொகை இல்ல. சோறும் இல்ல."

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. யென்ஸிடம் என் அரைகுறை டேனிஷில், "காற்று வந்தது, மச்சான் போய்விட்டார்" என்றேன். அவர் பதறிப்போய், "புயலா? உயிருக்கு ஒன்றுமில்லையே?" என்றார். படம் வரைந்துதான் புரியவைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "காற்றாலை வாங்கும் முன் அவரிடம் யார் பேசினார்கள்? புது வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டார். யாருமில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதை, டில்லிக்காரர் என்று நான் ஏமாந்த கதையோடு சேர்த்து, மச்சானிடம் சொன்னேன். சிரித்தார். "அந்த டில்லிக்காரரச் செத்த இங்கிட்டு அனுப்பி வையேன்."

போன மாதம் மறுபடி கூப்பிட்டார். குரலில் புது மிடுக்கு. "எஞ்சின் ரூம் ஆளுக நாங்க நாலு பேரும் சேந்து ஆபீசுக்குப் போனோம்ல. எங்களுக்கும் காத்தாடி வேலையப் படிச்சுக் குடுங்க, எஞ்சின் நிக்கிற நாளைக்குப் பாதிச் சம்பளமாவது குடுங்கன்னு கேட்டோம். பேச என்னையத்தான் முன்னால தள்ளுனானுவ. இப்ப நாந்தாம்லே டில்லிக்காரன்!"

"என்ன சொன்னாக?"

"யோசிக்கோம்னாக. இங்க காத்து நிக்கவே மாட்டேங்கு மாப்ள."

இன்னும் பதில் வரவில்லை. இன்று வேலை முடிந்து வெளியே வந்ததும் யென்ஸ் விரலில் எச்சில் தொட்டு உயர்த்தி, "நல்ல காற்று, நமஸ்தே!" என்றார். ஆமாம் என்றேன். இந்தக் காற்றுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதை எதிர்த்துச் சைக்கிளை மிதித்தபடியே, "செத்த நேரம் நில்லேன்" என்று அதனிடம் தமிழில் கெஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.