வாசற்படி தாண்டாத பெண்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், புதன்கிழமைதோறும் மாலை ஏழரை மணிக்கு எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் எல்லோரும் நூறு வருஷம் பின்னால் போய்விடுவோம். எட்டு மணிக்குத் திரும்பி வருவோம். தொலைக்காட்சியில் ஒரு ஜமீன் குடும்பத்துக் கதை ஓடியது. பதினேழு வயதிலிருந்து எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம். மழை, வெயில், சமையல், வந்தவர் போனவர் என்று தினமும் ஒரு பக்கம். புதன்கிழமைப் பக்கத்தில் அந்த நாடகத்துக்கும் இடம் கொடுத்தேன். ஆகையால் இங்கே நான் சொல்வது எதுவும் உத்தேசமல்ல.

நாடகத்தில் பெண்களுக்கு மூன்று வேலை. தூணுக்குப் பின்னால் நிற்பது, விளக்கேற்றுவது, அழுவது. அடுப்பு ஊதும்போதும் பட்டுச்சேலைதான். ஆற்றிலிருந்து இடுப்பில் வைத்துக் கொண்டுவந்த குடம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தாமிரபரணியில் குடம் முக்கி எடுத்த எவளுக்கும் தெரியும், அது காலிக்குடம். பத்து வாரத்தில் கதாநாயகி ஒரு வாய் சோறு தின்று நான் பார்க்கவில்லை. ஆண்களுக்கு வேலை இன்னும் குறைவு. ஊஞ்சலில் உட்கார்ந்து மீசையைத் தடவினால் போதும், நெல் தானாக விளைந்து வீடு வந்து சேர்ந்தது. அதை அவித்தவர் யார், குத்தியவர் யார், புடைத்தவர் யார் என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் அரண்மனைக்குப் பின்னால் மின்கம்பி தெரிந்துவிட்டது. என் கணவர் கைதட்டிச் சிரித்தார். அந்தக் காலத்தில் கரண்ட் ஏது என்று மறுநாள் அலுவலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கம்பியைக் கண்டுபிடித்தவர் கண்ணில் காலிக்குடம் படவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் என்றால் இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்று வாராவாரம் பெருமூச்சு விட்டார்.

அவர் பெருமூச்சு விட்டதில் அதிசயம் இல்லை. என்னை அசத்தியது மதினி. என் கணவரின் மூத்த அக்கா. அப்போது வயது அறுபத்தொன்று. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, சேரன்மகாதேவியில் தகப்பனார் வீட்டுக்குத் திரும்பியவர். தகப்பனாருக்கு இளைப்பு, ஈரக்காற்று ஆகாது. இருபத்திரண்டு வருஷம் நிலத்தைப் பார்த்தது மதினிதான். தம்பி விடுதியில் தங்கிப் படித்ததும் அந்த நெல்லால்தான். நிலத்தை விற்ற பிறகு எங்களோடு வந்து இருந்தார். அவர் சொல்லை என் கணவர் ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த மதினி, ஐந்தாவது வாரத்திலிருந்து நாடகம் பார்த்து அழ ஆரம்பித்தார். ஏழாவது வாரம், தாங்களும் இப்படித்தான் இருந்ததாகச் சொன்னார். ஒன்பதாவது வாரம் ஜமீன்தாரின் மனைவி செம்புத் தண்ணீரால் கணவரின் பாதம் கழுவினாள். அடுத்த திங்கட்கிழமை மாலை மதினி என் கையில் ஒரு செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார். கேட்டால், குடும்ப வழக்கம் என்றார். ஐந்து வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு அப்போதுதான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தேன்.

ஜமீன்தாருக்கு வெறுங்கால். என் கணவருக்கு பூட்ஸ். அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, நாடாவை அவிழ்த்து, காலுறையைச் சுருட்டி பூட்ஸுக்குள் திணித்து, ஒற்றைக்காலில் தள்ளாடி முடிக்கும்வரை நான் செம்போடு காத்திருப்பேன். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஈரக்காலோடு கூடத்துச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தார். எங்கள் குடும்பத்தின் புராதன வழக்கம் அன்றோடு நின்றது. அதன் மொத்த வயது நான்கு நாள்.

இப்படியே சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். பதினோராவது வாரம் மகளுக்கு வேலை உத்தரவு வந்தது. விவசாயம் படித்தவள். மணிமுத்தாறு பக்கம் வயல் வயலாகப் போய்ப் பயிரைப் பார்த்து விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசாங்க வேலை. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து.

என் கணவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“வயக்காட்டுல ஆம்பளையளுக்கு நடுவுல நிக்கதுக்கா பிள்ளையப் படிக்க வச்சோம்? நம்ம வீட்டுப் பொம்பளையள் எந்தக் காலத்துலயும் வாசப்படி தாண்டுனதில்ல தம்பி” என்றார் மதினி.

தம்பி தலையை ஆட்டினார். இருபது வருஷமாகக் காலை எட்டே முக்காலுக்கு வாசற்படி தாண்டுகிற நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மகள் ஒன்பது நாள் கேட்டுப் பார்த்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், சும்மாவும் இருந்து பார்த்தாள். பத்தாம் நாள் காலை அவளிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, வேலை வேண்டாம் என்று அவள் கையாலேயே எழுதித் தரச் சொன்னார் என் கணவர். அவள் தேதியை எழுதிவிட்டு, மேலே எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் பீரோவைத் திறந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்தேன். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், பிசானப் பருவ நெல் நடவுச் சமயத்தில் சேரன்மகாதேவியில் இருந்தபோது எழுதியது. மதினிக்கு எதிரே நின்று வாசித்தேன். காலை ஐந்தே முக்கால், லேசான தூறல். வாய்க்கால் தண்ணீர் இன்று நமக்கு முறை. மேல்வயல்காரர் இரண்டு பேர் மடையை அடைத்துவிட்டார்கள். மதினி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். ஒருவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, தானே மடையைத் திறந்துவிட்டார்.

மதினி கண்ணை மூடிக் கேட்டார். அது தானில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அரைமணி நேர நாடகத்துக்காகத் தன் இருபத்திரண்டு வருஷத்தை விட்டுக்கொடுத்தவர், இந்த ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“தப்பா எழுதி வச்சிருக்கியே” என்றார் மதினி. “ரெண்டு பேரில்ல, மூணு பேரு. மம்பட்டிய நான் எங்க பிடுங்குனேன்? நான் இறங்குன இறக்கத்துல அவனே போட்டுட்டு ஓடுனான். கரை மேல நின்ன உனக்கு என்னட்டி தெரியும்?”

மகள் நிமிர்ந்தாள். “அத்தன ஆம்பளையளுக்கு நடுவுலயா அத்தை நின்னிய?”

“தண்ணி அங்கனதான வருது. வீட்டுக்குள்ளயா வரும்?”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். மகள் முன்னால் கிடந்த வெள்ளைத்தாளை எட்டிப் பார்த்தார். அதற்குள் என் கணவர், அது வேறு விஷயம், அப்போது நமக்கு வேறு வழியில்லை என்று பைய ஆரம்பித்தார்.

“வழியில்லன்னா நீ எப்படிலே படிச்ச? நான் வயக்காட்டுல நின்னதாலதான?” என்று கேட்டார் மதினி. பிறகு மகள் பக்கம் திரும்பி, “அந்தத் தாள மடிச்சு வையி. எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு விசாரி” என்றார்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் அந்தக் காலத்திலிருந்தே வயலில் கெட்டிக்காரிகள் என்று என் கணவர் அந்த வாரமே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுப்புச் சொல்ல எனக்கு நேரமில்லை, மகளின் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு பத்து பஸ்ஸில் அவள் கிளம்பினாள். கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.