மடியில் இரண்டு பன்

பெங்களூர் பேக்கரியில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை கிடைக்கும். அங்கே தட்டு கழுவினேன் என்பதை மட்டும் நானாகச் சொல்ல மாட்டேன். எங்கள் மைன்ஸ் ஊர் ஸ்டேஷனான கோரமண்டலில் விடிகாலை ரயில் ஏறிப் போய், கரி பிடித்த தட்டுகளைத் தேய்த்துவிட்டு, இருட்டினபின் திரும்பி வருவேன். அவ்வளவுதான் என் பேக்கரி ஞானம். வரும்போது உடைந்துபோன பன் ஏதாவது பையில் இருக்கும். வெல்லமும் பட்டைத்தூளும் வைத்துச் சுருட்டி, மேலே முந்திரியும் பாதாமும் ஒட்டின பன். காலையில் அதை டீயில் தோய்த்துத் தின்றால்தான் என் மனைவிக்கு விடிந்ததாகக் கணக்கு.

அவளுக்கு வயிற்றில் கேன்சர் என்றதும் வேலையை விட்டேன். கோலார் ஆஸ்பத்திரியில் கேன்சருக்கு ஊசி ஏற்றினார்கள். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. கஞ்சியைப் பார்த்தாலே குமட்டினாள். எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசியை உடம்பு தாங்காது, ஒரு வாரத்தில் கொஞ்சமாவது ஏற்றிக்கொண்டு வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அந்த பன் வேண்டும் என்றாள். பெங்களூருக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நானே சுடுகிறேன் என்றேன்.

"யோவ், தட்டு கழுவுனவனுக்கு பன்னு சுட வரும்னா, பொணம் தூக்கறவனுக்கு உசுரு குடுக்கவும் வருமே" என்றாள்.

எங்கள் வீட்டில் ஓவனுக்கு எங்கே போவது? குண்டானில் மணல் கொட்டி, மேலே தட்டை வைத்து மூடிச் சூடாக்கினால் அதுதான் ஓவன். மணலுக்குப் பஞ்சமே இல்லை. பின்பக்கம் திரும்பினால் மலை மாதிரி சைனைட் மேடு. சயனைடு விஷத்தில் கரைத்துத் தங்கத்தை உருவிக்கொண்டு மைன்ஸ்காரர்கள் கொட்டின மண். மாவு சலித்த மாதிரி நைசாக இருக்கும். ஒரு வாளி அள்ளிவந்தேன். ஈஸ்ட் பாக்கெட்டை மிச்சம் வைக்காமல் கொட்டி மாவு பிசைந்தேன்.

பன் உப்பிக்கொண்டு வந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. வாசனைக்கு அவள் தானாக எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு துண்டைப் பிய்த்து வாய்வரை கொண்டுபோனாள். அப்போது குண்டானைப் பார்த்துவிட்டாள்.

"இது எங்கத்தி மண்ணு?"

சொன்னேன்.

"கேன்சர்காரிக்கு சைனைட்டு மண்ணுல சுட்டுக் குடுக்கறியே, நல்லா கீறியா நீ?"

"இன்னாமே, காத்தடிச்சா அந்த மண்ணு நம்ம சோத்துலதான உழுது?"

"அத்த தின்னுதான் இப்டி கீறேன்" என்றாள்.

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே வாந்தியாக மாறியது. நாய்கூடத் தின்றுவிடக் கூடாதென்று எல்லா பன்னையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

மறுநாள் குண்டானில் மண்ணுக்குப் பதில் கல்லுப்பைக் கொட்டிச் சுட்டேன். ஈஸ்ட்தான் முதல் நாளே தீர்ந்துவிட்டதே. அடி கருகி, கருங்கல் ஜல்லி மாதிரி வந்தது. டீயில் ஊறவைத்து ஓரத்தைச் சப்பிப் பார்த்தாள். அதுவும் தங்கவில்லை. அப்படியும் அவற்றைத் தூக்கிப்போட அவள் விடவில்லை.

எதற்கென்று கோலாரில்தான் தெரிந்தது. எடை மிஷினில் ஏறி நின்றவளின் இடுப்பு ஒருபக்கம் புடைத்திருந்தது. மடியில் என்ன என்று நர்ஸ் கேட்டாள். இவள் கொசுவத்தைப் பிரித்து இரண்டு பன்னை எடுத்தாள்.

"வயித்துல போட்டா ஏறல சிஸ்டர். மடியில வெச்சா ஏறுதான்னு பாத்தேன்."

நர்ஸ் அவற்றை வாங்கி மேஜைமேல் வைத்தபோது கல் விழுந்த சத்தம் கேட்டது. நான் சிரிக்கப் பார்த்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. பன்னோடு சேர்த்தும் முள் அது நிற்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கவில்லை. ஊசி இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், நர்ஸிடம் கேட்டு வாங்கிவந்த பன்மேல் ஒட்டியிருந்த முந்திரியை நகத்தால் பெயர்த்து ஒன்றை வாயில் போட்டாள். ரொம்ப நேரம் மென்றாள். அது உள்ளே தங்கியது.

"முந்திரி நல்லா கீது. நீ செய்யாதது அது ஒன்னுதான்."

பன்னை மறுபடி மடியில் முடிந்துகொண்டாள்.

"அடுத்த வாரத்துக்கு இன்னும் கனமா சுடு" என்றாள்.

சுட்டேன். ஈஸ்ட்டே வாங்காமல், மாவை அழுத்தி அழுத்தி உருட்டி, நல்ல கனமாகவே சுட்டேன். கோலாருக்குப் போகவேண்டிய காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.