"தின்றவர்களில் நானும் ஒருத்தி" என்று எழுதிய பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மூவாரில் என் நாற்காலிப் பட்டறையில் இருந்தேன். இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் போன் அடித்தது கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுத்தேன். கோத்தா திங்கியிலிருந்து அவருடைய தங்கை லூர்து பேசினார்.

"அக்கா போயிட்டாங்க தம்பி. காலையில காப்பி கொண்டு போயி எழுப்புனேன், எழுந்திருக்கல" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நேத்து சாயங்காலம்கூட உங்களத்தான் ஏசிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டாச்சான்னு கேக்கச் சொன்னாங்க" என்றார்.

அன்றுவரை போடவில்லை. அதுதான் உண்மை. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் அக்கா சவப்பெட்டியைத் திறந்துகொண்டு வந்து என்னை உதைப்பார்.

எங்கள் சங்கம் சிறியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து, கஷ்டப்படும் ஊர்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைத்தொழில், கோழி, தையல் மெஷின் என்று உதவுகிறோம். கொடுத்த உதவி பலன் தந்ததா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதும் எங்கள் வேலை. அப்படி இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி நாங்கள் நால்வர் கையெழுத்திட்ட அறிக்கையில் "தோல்வி" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது தவறு என்று அக்கா திருத்தி எழுதிய கடிதத்தைத்தான் லூர்து கேட்டார். சங்கச் செயலாளரான நான் கையெழுத்திட்டால்தான் அது வெளியே போகும். இரண்டு வருடமாக அது என் மேசை டிராயரில் கிடந்தது.

சங்க இதழுக்கு இரண்டு பத்தி எழுதிக் கொடுங்கள், அன்பும் அமைதியும் நிறைந்தவர் என்று போட்டால் போதும் என்று என்னிடம் சொன்னார்கள். அக்காவிடம் அன்பு நிறையவே இருந்தது. அமைதியை நான் பார்த்ததில்லை. அதனால் இது இரண்டு பத்தியில் முடியாது.

கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா குலை வெட்டுபவர். அக்கா படித்து அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆனார். வெட்டி வந்த குலைகளில் எது பழம், எது காய் என்று பார்த்து, காய் வெட்டியவர் பெயருக்கு நேரே ஒரு குறி போடுவது அவர் வேலை. குறி விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு நாள் ஒரு பிரிவில் இருந்த எல்லார் பெயருக்கு நேரேயும் குறி விழுந்தது. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, வெயிலில் அந்தப் பிரிவுக்கு நடந்தே போனார். அடுத்த வாரம் லாரி வராது, இருப்பதை எல்லாம் இன்றைக்கே வெட்டித் தள்ளுங்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விரட்டியிருக்கிறார். அக்கா திரும்பி வந்து அத்தனை குறிகளையும் அடித்துவிட்டு, மேனேஜரிடம் புத்தகத்தை நீட்டினார்.

"எல்லாரும் ஒரே நாள்ல ஒரே தப்பப் பண்ணா, அது அவங்க தப்பா இருக்காது தம்பி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "மேல எவனோ பண்ண தப்ப அவங்க தலையில எழுதுறோம்னு அர்த்தம்."

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு வெள்ளத்தில். கோத்தா திங்கியில் ஆறு ஏறி வீடுகளுக்குள் வந்திருந்தது. எங்கள் சங்கம் ஒரு லாரி நிறைய மீ நூடுல்ஸ் பொட்டலமும் போர்வையும், அவற்றைவிடப் பெரிய பேனர் ஒன்றும் கொண்டு போனது. பேனரைப் பிடித்துப் படம் எடுக்க ஆட்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தோம். முழங்கால் வரை சேற்றோடு ஓர் அம்மா வந்தார்.

"அலமாக், படம் எடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? வீடெல்லாம் சேறு கெடக்குது. மொதல்ல தொடப்பத்த எடுங்க லா!"

சங்கத் தலைவர் உட்பட எல்லாரும் துடைப்பம் எடுத்தோம். அன்று சாயங்காலம் வரை அவர் எங்களை விடவில்லை. பேனரை ஒரு வீட்டின் ஓட்டைக் கூரைக்குப் போர்த்திக் கட்டிவிட்டார். இப்படி ஒரு ஆள் நமக்கு வேண்டும் என்று நான்தான் போய்க் கூப்பிட்டேன். தலைவருக்கு அதில் விருப்பம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இலங்கையில் நெருக்கடி முற்றி, கேஸுக்கும் பால்மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற காலத்தில், அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு நாங்கள் முட்டைக் கோழி கொடுத்தோம். வீட்டுக்கு இரண்டு கோழி, ஒரு கூண்டு. முட்டை விற்றால் பிள்ளைகளுக்குக் பள்ளிக்கூடத்துக் கொப்பியாவது வாங்கலாம் என்பது எண்ணம். சில மாதம் கழித்து தலைவர், அக்கா, நான், இன்னொரு கமிட்டி உறுப்பினர் என நால்வரும் பார்க்கப் போனோம்.

மூன்று நாள் இருந்தோம். பெண்கள் குழுவின் தலைவி புஷ்பராணி எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். தினமும் ஒரு வீட்டில் சாப்பாடு. கோழிக் குழம்பு என்றால் அப்படி ஒரு கோழிக் குழம்பு, மிளகு தூக்கலாக, குளிருக்கு இதமாக. தலைவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மூன்று தடவை.

கடைசி நாள் கூண்டுகளைப் பார்த்தோம். பன்னிரண்டில் பத்து காலி. என்ன ஆச்சு என்று கேட்டால் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேன் டிரைவர் டீசல் கிடைக்காது, இருட்டுமுன் இறங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். "பொறுப்பில்லாத ஜனங்க. வித்துத் தின்னுட்டாங்க" என்றார் தலைவர். அறிக்கைப் பாரத்தில் "தோல்வி" என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். அக்காவும் போட்டார்.

ஊர் திரும்பிய பிறகுதான் அது அவரைக் குடைய ஆரம்பித்தது. ஒரு நாள் பஸ் ஏறி என் பட்டறைக்கே வந்துவிட்டார். "பத்து வீட்டுலயும் ஒரே மாதிரி காலி. எத்தன வருஷம் கிராணி வேல பாத்தவ நானு, அன்னிக்கு என் மூள எங்க போச்சு? நான் மறுபடியும் போறேன். நீயும் வா" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். "கையெழுத்துப் போடும்போது வேல இல்லாம இருந்துச்சா?" என்றார். போனேன்.

இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம். புஷ்பராணி ஓடி வந்து உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழி அலறியது. அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். நான் பின்னாலேயே போனேன். புஷ்பராணி ஒரு கையில் கோழியும் ஒரு கையில் கத்தியுமாக நின்றிருந்தார். அந்த லயத்தில் மிச்சமிருந்த இரண்டு கோழிகளில் அது ஒன்று, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தது.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கும்மா இத அறுக்குற?"

"என்னங்க அக்கா இப்படிக் கேக்குறீங்க? கடல் தாண்டி வந்திருக்கீங்க. வெறுஞ்சோத்தப் போட்டா அனுப்புறது?"

"போன தடவ நாங்க வந்தப்போ?"

புஷ்பராணி கத்தியைக் கீழே இறக்கினார்.

"அதுக்கு முன்னாடி யார் யார் வந்தாங்க? சொல்லு."

மெதுவாகச் சொன்னார். கூண்டைத் திறந்து வைத்துப் படம் எடுக்க வந்தவர்களுக்கு அறுத்தார்கள். கோழிகளுக்கு ஊசி போட வந்தவருக்கு அறுத்தார்கள். கோழி எப்படி வளர்ப்பது என்று வகுப்பு எடுக்க வந்தவருக்கு, அவர் டிரைவரும் கூட வந்ததால், இரண்டு அறுத்தார்கள். முன்னேற்றம் எப்படி என்று கேட்க ஒருவர் மாதாமாதம் வந்தார், அவருக்கும்தான். கடைசியாக எங்கள் நால்வருக்கும் மூன்று நாள் விருந்து. திட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து திட்டத்தைத் தின்று முடித்திருந்தோம். பிறகு ஏப்பம் விட்டுக்கொண்டு, கூண்டு காலி என்று எழுதியிருந்தோம்.

"அன்னிக்குக் கேட்டப்பவே ஏம்மா சொல்லல?" என்றேன் நான்.

"சாப்பிட்ட வீட்டு ஆளுங்க மூஞ்சியப் பாத்து, நீங்கதான் தின்னீங்கன்னு எப்படிங்க அய்யா சொல்றது?"

அக்கா அங்கேயே, கோழிக் கூண்டின் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுது முடித்ததும் எழுந்து, கைப்பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டு வந்த நெத்திலியை எடுத்தார். "இன்னிக்கு நான் ஆக்குறேன். நீங்க எல்லாரும் ஒக்காருங்க" என்றார். லயத்துப் பெண்கள் விடாமல் மறுத்தார்கள். விருந்தாளி அடுப்படிக்குள் வருவதா என்று ஒரு கிழவி கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா நகரவில்லை. சம்பல் தாளித்து எல்லாருக்கும் அவரே பரிமாறினார்.

அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்கு ஆய்வுக்குப் போனாலும் அந்த ஊரில் வாயில் எதுவும் வைப்பதில்லை. தவக்காலம், மாதாவுக்கு நேர்ச்சை என்று சொல்லிவிடுவார். வருடம் முழுக்க எப்படி அக்கா தவக்காலம் வரும் என்று கேட்டதற்கு, "நான் செஞ்ச பாவத்துக்கு வருஷம் பத்தாது, ஒன் வேலையப் பாரு" என்றார். பெண்களும் ஒரு முடிவு எடுத்தார்கள். அக்கா தன் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்த குஞ்சுகளோடு மறுபடியும் தொடங்கி, யார் வந்தாலும் கோழி அறுப்பதில்லை என்று எல்லா வீடும் பேசி வைத்துக்கொண்டது. இன்று அந்தக் கூண்டுகளில் கோழி இருக்கிறது. முட்டை டவுன் கடைக்குப் போகிறது.

ஆனால் காகிதத்தில் "தோல்வி" அப்படியே இருந்தது. மேல் லயத்துக் குடும்பங்கள் தங்களுக்கும் இப்படி ஓர் உதவி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உதவ வந்த ஒவ்வோர் அமைப்பும் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தது. இவர்கள் கொடுத்ததைத் தின்றுவிடும் ஜனங்கள் என்று திரும்பிப் போனது.

அக்கா திருத்தக் கடிதம் எழுதினார். அதில் ஒரு வரி: "கோழிகள் வந்தவர்களால் தின்னப்பட்டன. தின்றவர்களில் நானும் ஒருத்தி." ஜொகூர் பாருவில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, இது வெளிய போனா நாலு பேரு சிரிப்பாங்க. சங்கத்தோட மானம் என்னாவறது? கையெழுத்துப் போட்ட அறிக்க போட்டதுதான்."

"நம்ம மானத்துக்கு அவங்க பட்டினி கெடக்கணுமா?" என்று அக்கா எழுந்து நின்றார். "சிரிக்கட்டும் லா. தின்னதுக்கு நாலு சிரிப்பு கூட வாங்க மாட்டமா?"

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தலைவருக்கு மூன்று உணவகங்கள் இருக்கின்றன. அவற்றின் மேசை நாற்காலி எல்லாம் என் பட்டறையில் செய்தவை. அடுத்த உணவகத்துக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "நீ பொறுமையாப் போடு தம்பி, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார். இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கிட்னி கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்ட காலத்திலும், ஊசி குத்திய கையோடு போன் செய்து கேட்டார். நான் பார்க்கலாம் அக்கா, பார்க்கலாம் அக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு கோழையை அவர் ஏன் தம்பி என்று கூப்பிட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

கோத்தா திங்கி தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தலைவர் பேசினார். சாந்த சொரூபி என்றார். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர் என்றார். லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருந்தவரை அவர் பேச்சைக் கேட்கவில்லை, செத்த பிறகு அவர் பேசவே இல்லை என்கிறார்கள். நான் எழுந்து மைக்கிடம் போனேன். அக்கா எதிர்த்துப் பேசினார், கடைசி நாள்வரை பேசினார், அவர் பேசியது இதுதான் என்று, டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். பிறகு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டேன். அக்கா எழுதிய வரிக்குக் கீழே, "தின்றவர்களில் நானும் ஒருவன், மூன்று தடவை" என்று சேர்த்து எழுதினேன்.

மறுநாளே, பழைய அறிக்கையை எங்களிடமிருந்து வாங்கிய எல்லா அமைப்புகளுக்கும் அதை அனுப்பிவிட்டேன். தலைவர் போன் செய்தார். புது உணவகத்து நாற்காலிகளை வேறு இடத்தில் செய்துகொள்கிறாராம். செய்துகொள்ளட்டும். செயலாளர் பதவியையும் எடுத்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரையை இதழில் போடாவிட்டால் நானே அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பேன். அமைதியாக உறங்குங்கள் அக்கா என்று எழுத எனக்கு மனமில்லை. மேல் லயத்துக்கு உதவி போய்ச் சேரும்வரை நீங்கள் உறங்கமாட்டீர்கள், எங்களையும் உறங்கவிடாதீர்கள்.

புஷ்பராணிக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லி அழுதார். முப்பதாம் நாள் அந்தத் தோட்டத்தில் அக்காவுக்காக ஒரு சாப்பாடு போடப்போகிறார்கள், நானும் வரவேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலை உயர்த்திக்கொண்டு சொன்னார்.

"பருப்பும் கீரையும்தாங்க அய்யா. கோவிச்சுக்காதீங்க. கோழி அறுக்க மாட்டோம். அக்காவே எழுந்து வந்து கேட்டாலும் கெடையாது."

கேட்டீர்களா அக்கா? இனி நீங்கள் மேல் லயத்துக்குப் போகலாம்.